நான்கு பக்கத் தூய்மை

“அப்படின்னா இந்த மீன் எந்த வழியாடா வந்தது?”

“அது மீன்தான்னு சபையில இன்னும் தீர்மானம் ஆகலை மாமி.”

“வாலாட்டறதே!”

“வாலாட்டறதுன்னு எழுதிக்கறேன்.”

“எழுதிக்கோ. குழாயைத் திறந்தேன், சொம்புல விழுந்ததுன்னும் எழுதிக்கோ. கொழந்தை அதுக்குப் பேரே வெச்சுட்டா.”

“என்ன பேர்?”

“அதையும் எழுதப் போறியா?”

எழுதத்தான் நினைத்தேன். புகார்ப் படிவத்தில் ‘பொருளின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது.

மேஜைக்கு அந்தப் பக்கம் பித்தளைச் சொம்போடு நின்றவள் வேதவதி மாமி. உத்தர வீதியில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், நாலு வயதுப் பெண் கோதையோடு குடியிருந்தாள். அவள் அகத்துக்காரர் கல்யாணச் சமையலுக்காக ஊர் ஊராகப் போகிறவர். மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்த நான் பராசரன். ஸ்ரீரங்கம் தீர்த்த பரிபாலன சபையில் நீர் வாசிப்பு குமாஸ்தா.

எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு சபைத் தலைவரான அக்கிராசனர் அழகியமணவாளய்யங்கார் உள்ளறையிலிருந்து வந்தார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார். கெண்டைக் குஞ்சு ஒன்று, விரல் நீளம், காவி நிறத் தண்ணீரில் சுற்றிக்கொண்டிருந்தது.

“கெட்ட ஜலத்துல மீன் இருக்குமோ?” என்று கேட்டார்.

“இருக்காது ஸ்வாமி” என்றாள் மாமி.

“இது உசிரோட இருக்கோல்லியோ?”

“இருக்கு.”

“தீர்ந்தது. பராசரா, எழுதிக்கோ. ஈசுவர வருஷம் ஐப்பசி மாசம் பத்தாம் தேதி, மீன் ஒன்று நேரில் ஆஜராகி, சபையின் தண்ணீர் தூய்மையானது என்று ஊர்ஜிதம் செய்தது.”

“ஸ்வாமி, தீர்த்தம் செம்மண் கரைச்சாப்ல இருக்கே. கொழந்தைக்கு எப்படிக் குடுக்கறது?”

அக்கிராசனர் என் பக்கம் திரும்பினார். “காலம்பற வாசிச்சாச்சோ?”

“ஆச்சு.”

“எத்தனை பக்கம்?”

“நாலு.”

“நாலு பக்கம்!” என்று அவர் மாமியிடம் சொன்னார். “இதுக்கு மேல பெருமாளே வந்து சொல்லணுமா?”

மாமி என்னைப் பார்த்தாள். நான் படிவத்தைப் பார்த்தேன்.

நாலு பக்கம் என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சொல்லாமலிருந்தால் நல்லது என்றுதான் இத்தனை நாளும் இருந்துவிட்டேன்.

குழாய்த் தண்ணீர் வந்தபோது சீமையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியும் வந்தது. இரண்டடி உயரம், ஒரு முழ அகலம். அதில் தண்ணீரை நிரப்பி, பின்னால் அச்சடித்த காகிதம் ஒன்றை ஒட்டி, முன்னாலிருந்து வாசிக்க வேண்டும். வாசிக்க முடிந்தால் தண்ணீர் தூயது. ஜாடியோடு வந்த குறிப்பில் அவ்வளவுதான் இருந்தது. எந்தக் காகிதம் என்று இல்லை. இதற்காகச் சபை மூன்று முறை கூடியது. பத்திரிகையை ஒட்டலாம் என்றார் ஒருவர். அதில் சத்தியாக்கிரகச் செய்தி வந்தால் தண்ணீரே ராஜத் துரோகம் ஆகிவிடும் என்றார் இன்னொருவர். பாசுரம் ஒன்றை ஒட்டலாம் என்றதற்கு, குழாய்க்குள்ளிருக்கும் தோல் வில்லை வழியாக வந்த தண்ணீருக்குப் பின்னால் பாசுரத்தை வைப்பது அபசாரம் என்று எதிர்ப்பு வந்தது. ரயில் நேர அட்டவணையை வைத்து எதையும் ஊர்ஜிதம் செய்ய முடியாது என்பதில் எல்லோரும் ஒருமித்தார்கள். கடைசியில், குழாய்த் திறப்பு விழாவில் அக்கிராசனர் செய்த சொற்பொழிவை ஒட்டுவது என்று அக்கிராசனரே பிரேரேபித்து, அக்கிராசனரே ஆமோதித்தார்.

சொற்பொழிவு நாலு பக்கம். முதல் பக்கம் மட்டும் ஜாடிக்குப் பின்னால். அதை ஒவ்வொரு நாளும் காலையில் உரக்க வாசித்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம்.

“மகா ஜனங்களே! சிருஷ்டி காலம் முதல் காவேரி தன் இஷ்டப்படி ஓடிக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்பாரில்லை. இன்று முதல் அவள் நமது சபையின் தீர்மானப்படி, காலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரையிலும், மாலை நாலு மணி முதல் ஐந்தரை மணி வரையிலும் ஓடுவாள். (கரகோஷம்.)”

கரகோஷம் என்று அச்சில் இருந்ததால் அந்த இடத்தில் பியூன் வீரமலை கை தட்டுவான். அது அவன் உத்தியோகம்.

ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. வாசிக்கிற வேலை வாயினுடையது. மனத்துக்கு அதில் வேலை இல்லை. என் மேஜையறையில் எப்போதும் எந்தத் தேசத்திலிருந்தோ மொழிபெயர்த்த நாவல் ஒன்று கிடக்கும். வாய் காவேரியைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கும்போது மனம் பனி விழும் ஏதோ ஓர் ஊரில் வண்டிக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஜாடித் தண்ணீர் புளிக் கரைசல்போல இருந்தது. நான் வழக்கம்போல நின்றேன், வழக்கம்போல வாசித்தேன். கரகோஷம் ஆயிற்று. மேலே வாசித்தேன்:

“குழாயினுள்ளே தோல் வில்லை இருப்பதாகச் சில பெரியோர்கள் கவலைப்படுகிறார்கள். அது சீமைத் தோல். எந்த மிருகத்தினுடையது என்று அந்த மிருகத்துக்கே இப்போது நினைவிராது. (சிரிப்பு.)”

வீரமலை சிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தோல் வில்லை இரண்டாம் பக்கத்தில் இருக்கிற விஷயம். இரண்டாம் பக்கம் ஜாடிக்குப் பின்னால் இல்லை, அலமாரியில் பூட்டியிருந்தது.

நான் அந்த நிமிஷமே, ‘எனக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை, மனப்பாடமாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அக்கிராசனர் ஓடி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“ரெண்டாம் பக்கமும் தெரியறதா?” என்றார்.

நான் தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அன்றைய சான்றிதழில் ‘இரண்டு பக்கத் தூய்மை’ என்று அவரே தம் கையால் எழுதினார். அந்த வாரத்துக்குள், வெள்ளம் ஏற ஏற, மூன்று பக்கமாகி நாலு பக்கமும் ஆயிற்று. மாகாணத்திலேயே வேறெந்த ஊரிலும் இல்லாத தூய்மை என்று மதராஸுக்குக் கடிதம் போயிற்று.

பம்பு நிலையத்து ஓவர்சியர் சவரிராயன் ஒரு நாள் சேறு அப்பிய காலோடு வந்து நின்றார். “சார், மணல் தொட்டி அடைச்சுப் போச்சுங்க. மணல் மாத்தணும். மூணு மாசமா எழுதிக்கிட்டே இருக்கேன்.”

“மாத்தினா என்ன ஆகும்?” என்று அக்கிராசனர் கேட்டார்.

“தண்ணி தெளியுங்க.”

“இப்பவே நாலு பக்கம் தெளிஞ்சிருக்கு. இன்னும் தெளிஞ்சா அஞ்சாம் பக்கத்துக்கு எங்கே போறது? அதை நான் இன்னும் பேசவே இல்லையே, ஐயா!”

சவரிராயன் என்னைப் பார்த்தார். “தம்பி, நெசமாவே எழுத்து தெரியுதா?”

“தெரியறது” என்றேன்.

“என் கண்ணுலதான் கோளாறு போல” என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அவர் கால் வைத்த இடமெல்லாம் சேறு ஒட்டியிருந்தது. நான் கையெழுத்துப் போடும்போது அது கண்ணில் படாமலிருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

மீன் வந்த மறுநாள் என் பழைய வேஷ்டி ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்து, எங்கள் முற்றத்துக் குழாயின் வாயில் கட்டினேன். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் அந்த ஒரு குழாய்தான். கிணறு இருந்தது, ஆனால் குழாய் வந்த வீட்டில் கிணறு இருப்பது குழாய்க்கு அவமானம் என்று சபை அதைப் பலகை போட்டு மூடி முத்திரை வைத்திருந்தது. மதியத்துக்குள் துணியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு படிந்துவிட்டது. கீழே விழுந்த தண்ணீர் கொஞ்சம் தண்ணீர்போல இருந்தது.

“நீ நன்னா இருக்கணும்டா” என்றாள் மாமி.

ஊரில் எல்லோருமே அதைத்தான் செய்திருந்தார்கள். சிலர் துணி கட்டினார்கள். சிலர் தேத்தாங்கொட்டையை இழைத்துப் பானையில் கலக்கினார்கள். சிலர் மூன்று பானை அடுக்கி மணலும் கரியும் போட்டார்கள். விஷயம் சபைக்கு எட்டியது. நாலு பக்கத் தூய்மை உள்ள தண்ணீரை ஒருவன் வடிகட்டுகிறான் என்றால் அவன் தண்ணீரை வடிகட்டவில்லை, சபையை அவமதிக்கிறான் என்று நாற்பத்தோராம் தீர்மானம் நிறைவேறியது. வீரமலை ஒரு கோணியும் பேனாக்கத்தியுமாக வீதி வீதியாகப் போய்த் துணிகளை அறுத்து வந்தான்.

துணிகள் சாட்சிப் பொருள் அறையில் காய்ந்தன. அவற்றிலிருந்த சேற்றை என்ன செய்வது என்று கேள்வி வந்தபோது அக்கிராசனர் பேசிய பேச்சை நான்தான் பதிவுசெய்தேன்: “சேறு எங்கே இருக்கிறது? துணியில் இருக்கிறது. தண்ணீரில் இருந்தால் தண்ணீரோடு போயிருக்குமே! ஆகவே இது துணியின் சேறு. ஜனங்கள் தங்கள் வீட்டுச் சேற்றைக் கொண்டுவந்து நமது குழாயில் கட்டுகிறார்கள்.”

காப்பி பில்ட்டரைப் பற்றியும் விவாதம் நடந்தது. அதையும் பறிமுதல் செய்தால் அக்கிராசனர் வீட்டிலேயே கலகம் உண்டாகும் என்று தெரிந்ததால், உள்ளே காப்பிப்பொடி இருந்தால் பில்ட்டர், இல்லாவிட்டால் குற்றம் என்று விதி செய்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வீரமலை வந்த அன்று அக்கிராசனரும் கூட வந்தார். வீரமலை குழாயிலிருந்த துணியை அவிழ்த்துப் பிழிந்தான். பச்சை மயில்கண் கரை வெளியே வந்தது. அவன் துணியைப் பார்த்தான். பிறகு என் இடுப்பைப் பார்த்தான். அன்று நான் கட்டியிருந்ததும் பச்சை மயில்கண்தான், ஜோடி வேஷ்டி.

“யார் கட்டினது?” என்றார் அக்கிராசனர்.

வேதவதி மாமி பின்கட்டு நிலைப்படியில் கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கோதை என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் குளிக்கும்போது என்னையறியாமல் சொற்பொழிவை முணுமுணுப்பேன். அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பாடமாகியிருந்தது. என்னைக் கண்டால் “மகா ஜனங்களே!” என்பாள். அன்றும் சொன்னாள். அக்கிராசனருக்கு ஒரே சந்தோஷம்.

“யார் கட்டினதுன்னு கேட்டேனே?” என்றார் மறுபடியும்.

“பின்கட்டுல...” என்றேன்.

அதற்கு மேல் நான் சொல்லவில்லை. அதற்கு மேல் சொல்லவும் அவசியமிருக்கவில்லை. மாமி கோதையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வீரமலை துணியைக் கரை உள்ளே போகும்படி மடித்துக் கோணியில் போட்டான். அவன் எனக்குச் செய்த உபகாரம் அது. அதை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

பின்கட்டில் மூன்று மாதத்துக்கு வடிகட்டக் கூடிய எந்தச் சாதனமும் இருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. வீரமலை தினம் போய்ப் பார்த்துவர வேண்டும். சல்லடை பறிமுதலாகிச் சபைக்கு வந்தது. மோர் வடிகட்டுகிற துணி வந்தது. ஒரு நாள் காப்பி பில்ட்டரும் வந்தது. கையில் வாங்கியபோது உள்ளே ஈரமான செம்மண்தான் இருந்தது.

“பொடி இல்லீங்க சாமி” என்றான் வீரமலை. “அந்தம்மா காப்பி வாங்கியே ஒரு மாசம் ஆச்சாம். பாப்பாவுக்குத் தண்ணி வடிச்சிருக்காங்க. நான் என்ன பண்றது, சொல்லுங்க. சும்மா ரெண்டு சிட்டிகை பொடி போட்டு வெச்சிருக்கக் கூடாதா?”

“காய்ச்சிக் குடுக்கலாமே” என்றேன்.

“கேட்டேங்க. காய்ச்சினா சூடான சேறு கெடைக்குதாம்.”

இந்த நாட்களில் எங்கள் முன்கட்டில் நானும் அம்மாவும் என்ன குடித்தோம் என்றும் சொல்ல வேண்டும். சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், மூன்று பானை அடுக்கி வைத்திருந்தேன். மேல் பானையில் கரி, நடுப் பானையில் மணல், கீழ்ப் பானையில் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர். நீர் வாசிப்பு குமாஸ்தாவின் வீட்டைச் சோதனை போட விதி இல்லை. அதிலிருந்து ஒரு சொம்பு பின்கட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். ஆனால் தெளிந்த தண்ணீர் மாமி வீட்டில் அகப்பட்டால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஆகவே மாமியின் நன்மைக்காகவே கொடுக்காமலிருந்தேன். இப்படி யோசிக்க எனக்குச் சபையில் நல்ல பயிற்சி கிடைத்திருந்தது.

கார்த்திகை பிறந்ததும் கோதைக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. இரண்டு நாளில் எழுந்திருக்க முடியாமல் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜுர வேகத்தில் “மகா ஜனங்களே, மகா ஜனங்களே” என்று குரல் வரும். நாலு பக்கத்தையும் சொல்லுவாள். கரகோஷம் என்பதையும் விடமாட்டாள். ஒரு நாள் காலை நான் குழாயடியில் நின்றபோது மாமி வந்து பக்கத்தில் நின்றாள்.

“ஏண்டா பராசரா, இவளுக்கு எழுத்தே தெரியாதே.”

“ஆமாம் மாமி.”

“நாலு பக்கமும் சொல்றாளே.”

நான் தண்ணீரை நிறுத்தினேன். அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சபையில் குழந்தையின் நோயைப் பற்றி நானே மெதுவாகச் சொன்னேன். அக்கிராசனர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “பாத்தியா? துணி கட்டின அகத்துலதான் வியாதி வந்திருக்கு. நாம கொஞ்சம் முன்னாடியே அவிழ்த்திருக்கணும்” என்றார்.

நாலு பக்கத் தூய்மையைக் கண்ணால் காண மதராஸிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். சபை வாசலில் பந்தல் போட்டார்கள். வாழைமரம் கட்டினார்கள். ஜாடிக்கு ரோஜா மாலை. மாலை நாலு மணித் தண்ணீரை வீரமலை நேரே குழாயிலிருந்து பிடித்து ஜாடியை நிரப்பினான். மாலை போட்ட செங்கல்போல இருந்தது ஜாடி. கூட்டத்தில் கடைசி வரிசையில் சவரிராயன் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

அக்கிராசனர் பேசினார்: “வேறு ஊர்களில் தண்ணீரைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். பார்வை ஏமாற்றக் கூடியது. நாங்கள் பார்ப்பதில்லை, வாசிக்கிறோம். எங்கள் தண்ணீரின் தரத்துக்கு எங்கள் சொற்பொழிவே சாட்சி; எங்கள் சொற்பொழிவின் தரத்துக்கு எங்கள் தண்ணீரே சாட்சி!”

நான் ஜாடிக்கு முன்னால் நின்று நாலு பக்கமும் வாசித்தேன். கரகோஷம் வருகிற இடத்தில் பந்தல் முழுவதும் கை தட்டியது. சிரிப்பு வருகிற இடத்தில் முழுவதும் சிரித்தது. அதிகாரி பெஜவாடாப் பக்கத்துத் தெலுங்குக்காரர். “எனக்குத் தமிழ் எழுத்து வராது. ஆனா, என்ன தெளிவு! ஒரு இடத்துல கூட தடுமாறல்லே” என்று என் தோளைத் தட்டினார்.

அப்போது கூட்டம் விலகியது. வேதவதி மாமி வந்தாள். தலை கலைந்திருந்தது. புடவைத் தலைப்பில் காகிதம் ஒன்றை முடிந்திருந்தாள்.

“மாமி, கோதை எங்கே?” என்றேன்.

“உங்கம்மா மடியில படுத்துண்டிருக்கா. பாலத்தைத் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஜட்கால கொண்டுபோய்க் காட்டிண்டு இப்பத்தான் வந்தேன்.”

“இது சமயமில்லே, அம்மா. துணி விஷயமா மனு இருந்தா நாளைக்குக் கொண்டு வா” என்றார் அக்கிராசனர்.

“துணி வேண்டாம் ஸ்வாமி. ஒரு காகிதம் வாசிக்கணும். இங்கே நன்னா வாசிக்கிறவர் இருக்கார்னு ஊரே சொல்றது.”

அதிகாரிக்கு அது பிடித்திருந்தது. “வாசிக்கட்டுமே! ஜனங்களுக்கு இத்தனை நம்பிக்கை இருக்குதே!” என்றார். அக்கிராசனர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

நான் கையை நீட்டினேன். மாமி காகிதத்தை என் கையில் கொடுக்கவில்லை. ஜாடியைச் சுற்றிப் போனாள். பின்னால் ஒட்டியிருந்த சொற்பொழிவை மெதுவாக உரித்து எடுத்து, மடித்து, மரியாதையாக அக்கிராசனர் மடியில் வைத்தாள். தன் காகிதத்தை விரலால் நனைத்து அந்த இடத்தில் ஒட்டினாள். பிறகு முன்னால் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

வீரமலை கைகளைத் தட்டத் தயாராகத் தூக்கியவன் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். நான் ஜாடியைப் பார்த்தேன். செம்மண் தெரிந்தது. அதற்குள் ஓர் இலைச் சருகு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. வேறெதுவும் தெரியவில்லை.

“ஆஸ்பத்திரிக் கூட்டத்துல நர்ஸம்மா சொன்னது என் காதுல விழலை” என்றாள் மாமி. எப்போதும் என்னை ‘டா’ போட்டே கூப்பிட்டவள், அன்றுதான் முதல்முறையாக மரியாதையாகப் பேசினாள். “கொழந்தைக்கு என்ன குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதியிருக்காராம். கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்கோ.”